ஏழு நாள் கெடு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் வருவாள், பத்து இருபதுக்குக் கிளம்பிவிடுவாள். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் லிஃப்ட்காரர் வாரத்தின் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே" என்பீர்கள். தெரியாதுதான். அவர் முகத்தில் எதுவுமே தெரியாது. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சை அளந்து அளந்து, கடைசியில் அளவுகோலையும் எங்கோ தொலைத்துவிட்டவர். அவர் மனைவி அவருக்கு வைத்திருந்த பெயரே கல்லுளிமங்கன்.

மூன்றாவது மாடியில் அவர் வீடு. உட்கார்ந்த இடத்திலிருந்தே லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று காதால் சொல்லிவிடுவார். பத்து மணிக்கு மோட்டார் முனகும், பிரேக் 'டக்'கென்று பிடிக்கும், கதவு திறக்கும். அதற்குள் தேநீர் இரண்டு கோப்பையில் ஊற்றியிருக்கும்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"ம்."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்."

அவ்வளவுதான் குசலம். மகள் போனை நீட்டுவாள். அவர் அதை லேப்டாப்பில் ஒயரால் கோப்பார். பழைய லேப்டாப், கீல் உடைந்து மூடி பின்பக்கமாய்ச் சாயும் என்பதால், லிஃப்ட் கதவின் ரப்பர் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். முதலில் போனில் இருக்கிற விவரத்தையெல்லாம் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்வார். அது தொழில் தந்த பழக்கம். எந்தப் பெட்டியைத் திறந்தாலும், கை வைப்பதற்கு முன் ஒயர் எது எங்கே இருக்கிறது என்று படம் வரைந்துகொள்ளாதவன் மெக்கானிக்கே இல்லை என்பார். "நகல் எடுத்து வெச்சிருக்கேன்" என்று மகளிடமும் வாரா வாரம் சொல்வார். அவளும் வாரா வாரம் "சரிப்பா" என்பாள். பிறகு ஆப்பை மறுபடியும் போனில் ஏற்றுவார். கோடு ஒன்று மெல்ல நகர்ந்து முடியும். தேநீரும் முடியும். மகள் செருப்பை மாட்டுவாள்.

அந்த ஆப்பின் கதை இது. மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்தது. மகள் பிசியோதெரபிஸ்ட்; வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அம்மாவுக்கும் அவளே சொல்லிக்கொடுத்தாள். காலைத் தூக்கி பத்து எண்ணுகிறவரை பிடிக்க வேண்டும், ஐந்து எண்ணுகிறவரை விட வேண்டும். எண்ணுவதற்கு இலவசமாக ஒரு ஆப்பை இறக்கினார்கள். ஏழு எண்ணும்போது அதில் விளம்பரம் வந்து அலறும்.

"காலத் தூக்கி வெச்சிட்டுக் கெடக்கேன், எவனோ கடன் வேணுமான்னு கேக்கறான்!" என்று மனைவி படுக்கையிலிருந்து கத்தினாள். "அந்தக் கடன்காரன மொதல்ல வெளிய போகச் சொல்லுங்க!"

கல்லுளிமங்கன் கடன்காரனை வெளியேற்றக் கிளம்பினார். ஒரு மாதம் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இது நடந்தால் அது, அது நடக்காவிட்டால் இது என்பதுதானே நிரல்? லிஃப்ட்டின் மூளையும் அதேதான். விளம்பரமில்லாத ஓர் ஆப் பிறந்தது. ஒரு வட்டம், ஓர் எண், ஒரு பீப். 'பத்து' என்று பெயர் வைத்தார். மகள் பார்த்துவிட்டு, "எனக்கும் வேணும்பா" என்றாள். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரி அதை நீட்டிக் கொடுத்தார். நாளடைவில் அதில் நாற்பத்தோரு நோயாளிகள் சேர்ந்தார்கள். பட்டியலில் முதல் பெயர் 'அம்மா'.

வில்லங்கம் எங்கே என்றால், போன் கம்பெனியின் விதியில். ஆப் கடையில் வைக்காமல், நீங்களே எழுதி உங்கள் போனிலேயே ஓட்டிக்கொள்கிற ஆப்புக்கு ஏழு நாள்தான் ஆயுள். எட்டாம் நாள் படம் மட்டும் சமர்த்தாக இருக்கும், தொட்டால் திறக்காது. மறுபடி கம்ப்யூட்டரில் கோத்து ஏற்ற வேண்டும். சொந்த வீட்டுக்குள் நுழைய வாரா வாரம் காவல்காரனிடம் கையெழுத்துப் போடுகிற மாதிரி. லிஃப்ட்டுக்கும் வருடாந்தரச் சான்று உண்டு. ஆனால் தேதி முடிந்தது என்பதற்காக எந்த லிஃப்ட்டும் பாதி வழியில் நின்று முறைப்பதில்லை.

இதற்கு ஒரு மாற்றும் இருந்தது. டெவலப்பர் கணக்கு என்று ஒன்று. வருடத்துக்கு ஒரு கட்டணம் கட்டிவிட்டால், ஏழு நாள் கெடு போய் ஒரு வருடம் ஆகிவிடும். ஒரு மூக்குக்கண்ணாடி மாற்றுகிற செலவுதான். இது லிஃப்ட்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மகளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

மனைவி இருந்த வரையில் இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மகள் அம்மாவைப் பார்க்க வருவாள், வந்த இடத்தில் போனையும் கொடுப்பாள். அம்மாவும் மகளும் பேசுகிற பேச்சில் வீடு அதிரும். இவர் அந்தச் சத்தத்துக்கு நடுவே சுகமாக உட்கார்ந்திருப்பார். முழங்கால் தேறிக்கொண்டிருந்தது. ஒரு நண்பகல், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்தார். மூன்றாம் நாள் கட்டடத்து லிஃப்ட்டின் கதவு சிக்கிக்கொண்டது. கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்தார். மகள் படியேறி வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா போய் மூணு நாள் ஆகல. உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்கு? கல்லா?"

கையில் திருப்புளியோடு அவர் சொன்ன பதில் இது: "ஏழாவது மாடியில ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கும்மா."

உண்மைதான். ஆனால் அது அந்த நேரத்துக்கான பதிலா, சொல்லுங்கள்! மகள் வந்த படியிலேயே இறங்கிப் போனாள். ஐந்து வாரம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, தொட்டால் யாருடைய தாடையையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது மார்புக்குள். சாப்பிட்டார், தூங்கினார், மின்கட்டணம் கட்டினார். மனைவியின் துணிகளை அலமாரியில் அடுக்கினார். எதுவும் எங்கும் படவில்லை.

நாலு வாரம் ஆப் இல்லாமல் வாயால் எண்ணிப் பார்த்தவள், ஆறாவது வாரம் போன் செய்தாள். "அப்பா, ஆப் தொறக்கல. வேலைக்கு வேணும்."

"கொண்டா."

வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். போகும்போது கேட்டாள், "வாரா வாரம் இப்படி வரணுமா? வேற வழி இல்லையா?"

"இல்லம்மா. அதான் அவங்க விதி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பொய் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். ரெண்டு பஸ் மாறி வர வேண்டியவள். அவள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாரம் முழுக்க அடுத்தவர் கால்களைத் தூக்கிப் பிடித்துவிட்டு, கிடைக்கிற ஒரு விடுமுறையில் நாலு மாடி இறங்கி, ரெண்டு பஸ் பிடித்து, மறுபடி நாலு மாடி ஏற வேண்டும். தெரிந்துதான் சொன்னார். காரணமில்லாமல் வா என்று கூப்பிட அவருக்கு வாய் வராது. காரணமில்லாமல் வர அவளுக்கு மனம் வராது. நடுவில் பாலமாக இருந்தவள் போய்விட்டாள். அந்த ஏழு நாள் கெடுதான் மிச்சம்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பட்டியலில் 'அம்மா' என்கிற பெயரை இருவரும் தொடவில்லை. அவள் நீக்கவில்லை, அவர் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு மகளால் வர முடியவில்லை. பேத்திக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை ஒரு நோயாளி வீட்டில், இடுப்பெலும்பு அறுவை ஆன அம்மாள் காலைத் தூக்கியாகிவிட்டது, ஆப் திறக்கவில்லை. மகள் வாயால் எண்ணினாள். அந்த அம்மாள் வாயாடி; நடுவில் மருமகள் புராணத்தை எடுத்துவிட்டாள். எண்ணிக்கை தவறிப்போயிற்று. எத்தனை தடவை அதிகமானதோ, சாயங்காலம் கால் வீங்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு நாளில் வடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டார், அவளை அனுப்புகிற கிளினிக்குக்குப் போன் போட்டுக் கத்தினார்கள். கிளினிக்கின் தலைமை அம்மாள் மகளைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை மாலை மகள் சீருடையோடு நேராக இங்கே வந்தாள். லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அது தனக்கான சத்தம் இல்லை என்று நினைத்திருந்தார்.

நடந்ததை அவள் சொன்னாள். அழவில்லை, கோபமும் இல்லை. ஓய்ந்துபோயிருந்தாள். "பதினோரு வருஷ வேலைப்பா. எண்ணத் தெரியாதவன்னு சொல்லிட்டாங்க."

அவர் போனைக் கோத்தார். நகல் எடுத்தார். ஆப்பை ஏற்றினார். கோடு நகர்ந்தது.

"நிஜமாவே வேற வழி இல்லையாப்பா?"

இந்த முறை வாய் அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. "பாக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, என்னவோ அலுவலகம் போகிறவர் மாதிரி சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். படிவம் நீளமாக இருந்தது. பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை. 'தனி நபரா, நிறுவனமா?' என்று கேட்டது. தனி நபர் என்பதை அழுத்தினார். வங்கி அட்டை எண்ணைப் போட்டார். பணம் போன குறுஞ்செய்தி வந்தது. இரண்டு நாளில் கணக்கு தயார் என்றது திரை. இதைச் செய்தால் ஏதாவது வலிக்கும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வலிக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

ஞாயிறு மகள் வந்தாள். புதுக் கணக்கில் ஆப்பை ஏற்றினார்.

"இனிமே ஒரு வருஷம் ஓடும். அடுத்த வருஷம் வந்தா போதும்."

"எப்படி?"

"பணம் கட்டினா அப்படிக் குடுக்கறாங்க."

"ஓ. இது எப்பலேந்து இருக்கு?"

அந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 'போன மாசம்தான் வந்துச்சு' என்றால் முடிந்தது. அந்த வீங்கிய கால் அவரை விடவில்லை.

"மொதல்லேந்தே இருக்கு."

மகள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்புறம் ஏன்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவரையே பார்த்தாள். அவர் லேப்டாப்பின் ரப்பர் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார், அது சரியாகவே இருந்தபோதும்.

"அப்ப அடுத்த வாரம் வர வேண்டாமா?"

"வேண்டாம்மா. ரெண்டு பஸ்."

"ஆமா. ரெண்டு பஸ்" என்றாள். செருப்பை மாட்ட அன்றைக்கு அவளுக்கு நேரமாயிற்று.

அடுத்த ஞாயிறு கை தன்பாட்டுக்கு இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டது. இரண்டையும் அவரே குடித்தார். பத்து மணிக்கு மோட்டார் முனகியது. லிஃப்ட் மூன்றைத் தாண்டி மேலே போயிற்று. ஐந்தாவது மாடி என்று காது சொன்னது. பத்தரைக்கு இறங்கியது. அவர் நாற்காலியில் இருந்தபடியே இருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கம் வந்தால்கூடத் தேவலை, யாரோ வந்த மாதிரி இருக்கும். ஊசியை இன்னொரு தடவை போட்ட மாதிரி மரப்பு கழுத்துவரை ஏறியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு பத்து மணிக்கு பிரேக் 'டக்'கென்று பிடித்தது. மூன்றாவது மாடி.

மகள் வாசலில் நின்றாள். தோளில் பெரிய பை. "அப்பா, ஆப் காணோம்."

"தொறக்கலயா?"

"தொறக்கறதுக்கு இருந்தாத்தானே. ஆப்பே இல்ல."

போனை வாங்கிப் பார்த்தார். ஆமாம், இல்லை. சும்மா இருக்கிற ஆப் தானாக ஓடிப்போகாது. விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீக்கவா என்று கேட்கும். ஆம் என்றால், இதிலிருக்கிற விவரமெல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று இன்னொரு தடவை கேட்கும். இரண்டு தடவை ஆம் சொன்னால்தான் போகும்.

"எப்படிப் போச்சு?"

"தெரியலப்பா." அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் சுவரைப் பார்ப்பாள். திறக்கவில்லை என்று சும்மா சொல்லத் தெரியாதவள், நிஜமாகவே அழித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவர் போனைக் கோத்தார். ஆப்பை ஏற்றினார். திறந்தால் பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை. திரையின் ஓரத்தில் நகல் இருக்கிற கோப்புறை தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் எடுத்தது. இரண்டு சொடுக்கு, ஒரே நிமிடத்தில் நாற்பத்தோரு பேரும் வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். மகளும் அந்தக் கோப்புறையைப் பார்த்தாள். வாரா வாரம் அவர் சொல்லக் கேட்டவள்தானே.

பிறகு லிஃப்ட்காரர் அந்தக் கோப்புறையை மூடினார்.

"எல்லாம் புதுசாத்தான் அடிக்கணும். நோட்டு கொண்டாந்தியா?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தலையணை கனம். "நேரமாகும்ல?"

"ஆகும். சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள். அவர் என்றது மாப்பிள்ளையை. பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறக்கவில்லை.

"மொதல்ல அம்மா" என்றாள்.

அம்மா நோட்டில் இல்லை. அம்மாவுக்கு யார் நோட்டு போடுவார்கள்? அவர் 'அம்மா' என்று அடித்தார். ஒரு விரலால் அடிக்கிறவர், நேரமாயிற்று.

"வலது முழங்கால்" என்றாள். "பத்து பிடிக்கணும். அஞ்சு விடணும். பன்னெண்டு தடவ."

"பதினஞ்சு" என்றார்.

"பன்னெண்டுதாம்ப்பா. நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

"நீ பன்னெண்டுதான் சொன்ன. ஆப்பும் பன்னெண்டுல நின்னுடும். அதுக்கப்புறம் மூணு அவளே வாயால எண்ணுவா. நீ திட்டுவேன்னு உங்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டா."

மகள் திகைத்துப் பார்த்தாள். "எதுக்கு? வலிச்சிருக்குமே!"

"வலிக்கும். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பண்ணுவா." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உன் வீட்டுக்கு லிஃப்ட் கெடையாதே. நாலு மாடி. எத்தன நாளைக்குப் பொண்ணே நம்மளத் தேடி வருவா, சீக்கிரம் கால் தேறட்டும், ஒரு ஞாயித்துக்கெழம நாம ஏறிப் போய் நிப்போம்னு..."

ஊசியின் மரப்பு எப்போது விடும் என்று எந்த வைத்தியராலும் மணி சொல்ல முடியாது. விடும்போது வலி மொத்தமாக வரும். அவருக்கு அது இப்போது வந்தது. அறுபத்தொரு வயது மனிதர், விரல் விசைப்பலகையில் இருக்க, வாய்விட்டு அழுதார். மனைவியை நினைத்து, அந்த மூன்று எண்ணிக்கையை நினைத்து, ஏறாத நாலு மாடியை நினைத்து அழுதார். இத்தனை நாள் கல் என்று நினைத்திருந்தவள் எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தாள். நோயாளியின் முதுகில் வைக்கிற கை இல்லை அது.

திரையில் எண்ணிக்கைக்கான கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சுன்னே போடுங்கப்பா" என்றாள் மகள்.